ஹூ, ஹூம், ஹூஸ், தட்: ஆட்களைக் குறிக்கும் ஆங்கில இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

நேற்று வந்த டீச்சர். நான் பார்த்த டொக்டர். மகன் கொழும்பில் இருக்கிற அம்மா. தமிழில் மூன்றுக்கும் ஒரே அச்சுதான்: வினையை வந்த, பார்த்த, இருக்கிற என்று எச்சமாக்கி ஆளுக்கு முன்னால் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ஹூ, இரண்டாவதற்கு ஹூம், மூன்றாவதற்கு ஹூஸ். சிலவேளை தட் வரும். சிலவேளை ஒன்றுமே வராது.

நம் மலையகத்துப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குக் கட்டுரை எழுதும்போதும், அப்புறம் நுவரெலியா ஹோட்டலுக்கோ கொழும்புக் கடைக்கோ வேலை கேட்டு விண்ணப்பம் எழுதும்போதும் தடுக்கி விழுகிற இடம் இது. ஹட்டன் பக்கத்தில் மாலை வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம்: விதியை மனப்பாடமாக ஒப்புவிக்கிற பிள்ளையும் எழுதும்போது பிழை விடுகிறது. முன்னால் நிற்கிற பெயரைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதால் வருகிற கோளாறு அது. அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் சின்ன வாக்கியத்துக்குள் அந்த ஆளுக்கு என்ன வேலை என்று பார்த்துத்தான் சொல்லைப் போட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வேலையைக் கண்டுபிடிக்கத்தான்.

உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

1. தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

ஹீ, ஹிம், ஹிஸ். அவர், அவரை, அவருடைய. இந்த மூன்றையும் கலக்காமல் சொல்ல வர வேண்டும். "ஹீ கேம்." "ஐ மெட் ஹிம்." "ஹிஸ் சன் இஸ் ஹியர்." இதில் தடுமாற்றம் இருந்தால் மேலே போகாதீர்கள். முதலில் இதைப் பழகிவிட்டு வாருங்கள், ஏனென்றால் முழுச் சோதனையும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஹீ வருகிற இடத்தில் ஹூ. ஹிம் வருகிற இடத்தில் ஹூம். ஹிஸ் வருகிற இடத்தில் ஹூஸ். கடைசி ஒலியைப் பார்த்தாலே ஜோடி தெரியும்.

பெண்ணைப் பற்றிய வாக்கியம் என்றாலும் சோதனையை ஹீ, ஹிம், ஹிஸ் வைத்தே செய்யுங்கள். ஷீ வைத்துச் செய்தால் குழப்பம்: ஹெர் என்ற ஒரே சொல் ‘அவளை’ என்பதற்கும் வரும், ‘அவளுடைய’ என்பதற்கும் வரும். ஹூமா ஹூஸா என்று அது காட்டித் தராது. கொழுந்து எடுக்கிற அக்காவை ஹிம் என்று சொல்லச் சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே செய்தாலும் விடை சரியாக வரும். பலரைப் பற்றியது என்றால் தே, தெம், தெயர்.

இதோடு, ஒரு வாக்கியத்தில் வினை எது என்று விரல் வைக்கத் தெரிந்தால் போதும். இரண்டு நிறப் பேனை இருந்தால் நல்லது: முக்கிய வாக்கியத்தின் வினைக்கு ஒன்று, உள்ளே வரும் சின்ன வாக்கியத்தின் வினைக்கு மற்றது. அந்தச் சின்ன வாக்கியத்தை இனிமேல் உள்வாக்கியம் என்று சொல்கிறேன்.

2. முதலில் இரண்டு வாக்கியமாக உடையுங்கள்

எழுத நினைப்பது இது: எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் கண்டியில் இருக்கிறார். நேராக ஆங்கிலத்துக்குத் தாவாமல் தமிழிலேயே உடையுங்கள். டீச்சர் கண்டியில் இருக்கிறார். அவர் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது ஆங்கிலம்: "தி டீச்சர் லிவ்ஸ் இன் கண்டி. ஹீ டோட் மீ மேத்ஸ்."

எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்பார்கள். ‘நான் கூப்பிட்ட பெண்’, ‘என்னைக் கூப்பிட்ட பெண்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண் என்ற சொல் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. மாறியது நான், என்னை என்கிற பக்கத்துச் சொல்தான். அந்தப் பெண் கூப்பிட்டவளா, கூப்பிடப்பட்டவளா என்பதை நம் தமிழ் அவள்மீது எழுதிக் காட்டுவதில்லை. ஆங்கிலம் இணைப்புச் சொல்லில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும் என்கிறது. உடைத்தால்தான் மறைந்திருந்த ‘அவர்’, ‘அவரை’, ‘அவருடைய’ வெளியே வரும்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தி டீச்சர் டோட் மீ மேத்ஸ் லிவ்ஸ் இன் கண்டி." இரண்டு வினை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் இணைக்க ஆளில்லை. தமிழில் இணைப்புச் சொல் இல்லாததால் பிள்ளைக்கு எதுவும் குறைவதாகத் தோன்றாது. இரண்டு நிறப் பேனை இங்கேதான் உதவும். ஒரே வாக்கியத்தில் இரண்டு நிறம் வந்து நடுவில் இணைப்புச் சொல்லும் இல்லை என்றால் நின்று பாருங்கள்.

3. அது ஆள்தானா என்று பாருங்கள்

டீச்சர், டொக்டர், கங்காணி, துரை, தங்கச்சி எல்லாம் ஆட்கள். பொருட்களுக்குப் போடுகிற விச் ஆட்களுக்கு வராது. ஞாயிறு ஆராதனையில் பழைய ஆங்கில ஜெபம் சொல்கிற பிள்ளை ஒன்று "அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்" என்று இருக்கிறதே என்று கேட்கலாம். அது நானூறு ஆண்டுக்கு முந்திய ஆங்கிலம். இன்று எழுதினால் பிழை.

சிக்கல் கூட்டப் பெயர்களில்தான்: குடும்பம், டீம், கமிட்டி, தொழிற்சங்கம். ஒரே அலகாக நினைத்தால் தட் அல்லது விச் போட்டு ஒருமை வினை: "தி ஃபேமிலி தட் லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்." அதில் இருக்கிற ஆட்களை நினைத்தால் ஹூ போட்டுப் பன்மை வினை: "தி ஃபேமிலி ஹூ லிவ் நெக்ஸ்ட் டோர்." பிரிட்டிஷ் வழக்கில் இரண்டும் சரி. ஹூவையும் ஒருமை வினையையும் கலந்து எழுதுவது மட்டும் இடறும்.

ஆளும் மிருகமும் சேர்ந்து வந்தால் தட் போடுங்கள். தோட்டத்துப் பாதையில் தினமும் கூடப் போகிற கிழவரையும் நாயையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டி வந்தால் ஹூவும் பொருந்தாது, விச்சும் பொருந்தாது.

4. உள்வாக்கியத்தில் அவருக்கு என்ன வேலை?

இதுதான் உயிர்நாடியான படி. மெதுவாகப் போங்கள்.

உடைத்து எழுதிய இரண்டாவது வாக்கியத்தை மட்டும் பாருங்கள். முதல் வாக்கியத்தைக் கையால் மறைத்துவிடுங்கள். இரண்டாவதில் அதே ஆளைக் குறிக்கிற சொல் ஹீயா, ஹிம்மா, ஹிஸ்ஸா? அதுதான் விடை.

"ஹீ டோட் மீ மேத்ஸ்." ஹீ. ஆகவே ஹூ. "தி டீச்சர் ஹூ டோட் மீ மேத்ஸ் லிவ்ஸ் இன் கண்டி."

"ஐ மெட் ஹிம் இன் ஹட்டன்." ஹிம். ஆகவே ஹூம். "தி டொக்டர் ஹூம் ஐ மெட் இன் ஹட்டன் இஸ் வெரி யங்."

"ஹிஸ் சன் இஸ் இன் கொலம்போ." ஹிஸ். ஆகவே ஹூஸ். "தி மதர் ஹூஸ் சன் இஸ் இன் கொலம்போ கேம் டுடே." அம்மாவுக்கு ஹிஸ்ஸா என்று நிற்காதீர்கள், அது சோதனைக்கு மட்டும்.

கையால் மறைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: என் தங்கச்சிக்குப் படிப்பித்த டீச்சரைச் சந்தித்தேன். "ஐ மெட் தி டீச்சர். ஹீ டோட் மை சிஸ்டர்." கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் விழுகிறார்கள். டீச்சர்-ஐ சந்தித்தேன், ‘ஐ’ என்ற தமிழ் உருபு வந்துவிட்டது, அப்படியென்றால் ஹூம் என்று போடுகிறார்கள். அந்த ‘ஐ’ முதல் வாக்கியத்துக்குச் சொந்தம். உள்வாக்கியத்தில் அந்த டீச்சர் படிப்பித்தவர், அதாவது ஹீ. சரியான வாக்கியம் "ஐ மெட் தி டீச்சர் ஹூ டோட் மை சிஸ்டர்." கை மறைத்திருந்தால் அந்த ‘ஐ’ கண்ணிலேயே பட்டிருக்காது.

டியூஷன் வகுப்புகளில் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுப்பார்கள்: இணைப்புச் சொல்லுக்குப் பிறகு வினை வந்தால் ஹூ, பெயரோ ஐ, ஷீ, தே போன்ற சொல்லோ வந்தால் ஹூம். பெரும்பாலும் வேலை செய்யும், நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் ஐ திங்க், ஷீ செட், தே நோ மாதிரி ஒன்று இடையில் புகுந்தால் கவிழ்த்துவிடும்.

பாருங்கள்: ஹட்டனைச் சேர்ந்தவர் என்று நான் நினைக்கிற டீச்சர். "தி டீச்சர் ... ஐ திங்க் இஸ் ஃப்ரொம் ஹட்டன்." பின்னால் ஐ வந்திருக்கிறது, குறுக்குவழிப்படி ஹூம். உடைத்துப் பார்த்தால் "ஐ திங்க் ஹீ இஸ் ஃப்ரொம் ஹட்டன்." ஹிம் இல்லை, ஹீ. ஆகவே ஹூதான். ஐ திங்க் என்பதை விரலால் மூடிவிட்டு வாசித்தாலும் இது விளங்கும்.

5. பழைய சொல்லை வெட்டி, புதிய சொல்லை ஆளை ஒட்டி வையுங்கள்

ஹீ, ஹிம், ஹிஸ் எது இருந்ததோ அதை இப்போது வெட்ட வேண்டும். மறக்கிறவர்கள் எழுதுவது: "தி டொக்டர் ஹூம் ஐ மெட் ஹிம்." ஒரே ஆளுக்கு இரண்டு சொல். ஹூம் என்பது அதே ஹிம்தான், முன்னால் இடம் மாறிப் போய்விட்டது. ஒரு நாற்காலியில் இரண்டு பேரை உட்கார வைக்க முடியாது. வெட்டியதைக் கொப்பியில் கோடு போட்டே வெட்டுங்கள், மனதுக்குள் வெட்டினால் திரும்ப வந்துவிடும்.

அப்புறம் இடம். தமிழில் உள்வாக்கியம் ஆளுக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தில் பின்னால், அதுவும் ஒட்டியே வர வேண்டும். "தி டீச்சர் லிவ்ஸ் இன் கண்டி ஹூ டோட் மீ மேத்ஸ்" என்று கடைசியில் தொங்கவிட்டால் கண்டிதான் கணக்குச் சொல்லிக்கொடுத்ததுபோல் ஆகிவிடும். ஆளின் பெயரை எழுதியவுடனே இணைப்புச் சொல், உள்வாக்கியம் முடிந்த பிறகே முக்கிய வினை.

‘யார் முதலில் வருகிறாரோ அவருக்கு’ என்ற நடையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு: "ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட் ஹீ வில் கெட்." இங்கே ஒட்டுவதற்கு ஆளே இல்லை. ஒன்று ஆளைக் கொடுங்கள், "தி பேர்சன் ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட் வில் கெட் இட்." இல்லாவிட்டால் "ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்" என்று தொடங்குங்கள். பலர் என்றால் "தோஸ் ஹூ". அந்த இரண்டாவது ஹீ எப்படியும் போக வேண்டும்.

6. ஹூஸ்: உடைமை மறைந்து நிற்கும் இடம்

ஹூஸ் தனிப் பகுதிக்குத் தகுதியானது, ஏனென்றால் தமிழ் இங்கே எந்தத் தடயமும் விடுவதில்லை. ‘கை முறிந்த தொழிலாளி’, ‘மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிற அக்கா’, ‘பெயர் கூப்பிட்ட பிள்ளை’. எதிலும் ‘உடைய’ என்று ஒரு எழுத்தும் இல்லை. கையும் மகளும் பெயரும் யாருடையவை என்று நமக்குச் சொல்லாமலே விளங்குகிறது, அதனால் ஆங்கிலத்திலும் சொல்ல மறக்கிறோம்.

வருகிற பிழைகள் இரண்டு வகை. ஒன்று, "தி வேர்க்கர் ஹூ ஹிஸ் ஹேண்ட் இஸ் புரோக்கன்." மற்றது, "தி வேர்க்கர் ஹூ ஹேண்ட் இஸ் புரோக்கன்." இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஹூவும் ஹிஸ்ஸும் சேர்ந்துதான் ஹூஸ். "தி வேர்க்கர் ஹூஸ் ஹேண்ட் இஸ் புரோக்கன்."

தடயம் இல்லாத இடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? உள்வாக்கியத்தின் வினையைச் செய்தது யார், அல்லது யாருக்கு நடந்தது என்று கேளுங்கள். முறிந்தது கை. தொழிலாளி முறியவில்லை. ஆளுக்குச் சொந்தமான வேறொன்று அந்த இடத்தில் நின்றால் அங்கே ஹூஸ்.

ஹூஸுக்குப் பிறகு உடனே அந்தப் பொருளின் பெயர் வர வேண்டும், நடுவில் தி வராது. "ஹூஸ் தி ஹேண்ட்" என்று எழுதாதீர்கள். "ஹிஸ் தி ஹேண்ட்" என்று சொல்வோமா?

எழுத்துக்கூட்டலில் ஒரு பொறி. ஹூஸ் என்று ஒலிக்கும் சொல் இரண்டு உண்டு. எஸ் ஈ என்று முடிவது உடைமை. ஓவுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் மேலே சின்னக் குறி போட்டு எழுதுவது ஹூ இஸ் அல்லது ஹூ ஹேஸ் என்பதன் சுருக்கம். எழுதியதை ஹூ இஸ் என்று விரித்து வாசித்துப் பாருங்கள். பொருள் வந்தால் குறி போடுங்கள், வராவிட்டால் எஸ் ஈ.

ஹூஸ் ஆட்களுக்கு மட்டும் என்று சொல்லித் தருகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. கூரை ஒழுகும் லயத்து வீட்டுக்கும் "தி ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்" என்று தாராளமாக எழுதலாம்.

7. டு, வித், ஃப்ரொம்: தொலைந்துபோகும் உருபு

நான் கூடையைக் கொடுத்த பெண். எங்கே போயிற்று ‘கு’? பெண்ணுக்குக் கொடுத்தேன் என்று உடைத்தால்தான் வெளியே வரும். ‘நான் பேசிய டொக்டர்’ என்பதில் டொக்டரோடு பேசினேனா, டொக்டரைப் பற்றிப் பேசினேனா என்பதே தெரியாது. எச்சம் உருபை விழுங்கிவிடுகிறது. அதனால் பிள்ளை "தி வுமன் ஐ கேவ் தி பாஸ்கெட்" என்று எழுதி டு இல்லாமல் விட்டுவிடும்.

உடைத்த வாக்கியத்தில் டு, வித், ஃப்ரொம், ஃபோர், அபவுட் ஏதாவது இருந்தால் வட்டம் போடுங்கள். அது கடைசி வாக்கியத்திலும் இருந்தே ஆக வேண்டும். இடம் இரண்டு.

மரியாதையான எழுத்தில் இணைப்புச் சொல்லுக்கு முன்னால்: "தி வுமன் டு ஹூம் ஐ கேவ் தி பாஸ்கெட்." டு, வித் போன்றவை முன்னால் வந்துவிட்டால் ஹூம் மட்டுமே. "டு ஹூ" கிடையாது, "டு தட்" கிடையவே கிடையாது.

பேச்சிலும் சாதாரண எழுத்திலும் கடைசியில்: "தி வுமன் ஐ கேவ் தி பாஸ்கெட் டு." வாக்கியம் டு என்று முடிவது பிழை என்று பயமுறுத்துவார்கள். பிழை இல்லை. இரண்டு இடத்திலும் போடுவதுதான் பிழை: "டு ஹூம் ஐ கேவ் தி பாஸ்கெட் டு."

தலைகீழாகவும் நடக்கும். அக்கா ஒருவரோடு கல்யாணம் செய்தாள் என்று நினைத்து "தி மேன் வித் ஹூம் மை சிஸ்டர் மேரிட்" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் மேரி என்ற வினைக்கு வித் வேண்டாம். "ஷீ மேரிட் ஹிம்." ஆகவே "தி மேன் ஹூம் மை சிஸ்டர் மேரிட்." உருபை ஆங்கில வாக்கியத்திலிருந்து எடுங்கள், தமிழ் வாக்கியத்திலிருந்து எடுக்காதீர்கள்.

பலரில் சிலரைச் சொல்லும்போதும் ஹூம் வேண்டும். மூன்று அக்காமார், இருவர் கொழும்பில் வேலை: "ஐ ஹேவ் த்ரீ சிஸ்டர்ஸ், டூ ஒஃப் ஹூம் வேர்க் இன் கொலம்போ." இதையே "டூ ஒஃப் தெம்" என்று எழுதினால் முன்னால் காற்புள்ளி போதாது, முற்றுப்புள்ளி போட்டுத் தனி வாக்கியமாக்க வேண்டும்.

8. காற்புள்ளி வேண்டுமா, தட் போடலாமா?

இரண்டும் ஒரே கேள்விதான், அதனால் சேர்த்தே முடிவெடுங்கள். உள்வாக்கியத்தை எடுத்துவிட்டால் எந்த ஆள் என்பது தெரியாமல் போகுமா? போகும் என்றால் காற்புள்ளி வேண்டாம், ஹூவுக்கோ ஹூமுக்கோ பதில் தட்டும் போடலாம். ஆள் யாரென்று ஏற்கனவே தெரிந்து, இது கூடுதல் தகவல் மட்டும் என்றால் இரண்டு பக்கமும் காற்புள்ளி, தட் வரக்கூடாது.

"ஜேம்ஸ் டெய்லர், ஹூ பிளான்டட் டீ அட் லூல்கந்துர இன் 1867, வோஸ் எ ஸ்கொட்." பெயரே ஆளைக் காட்டிவிட்டது. அதேபோல "நடேச ஐயர், ஹூம் ஹட்டன் எலெக்டட் இன் 1936, வோஸ் எ ஜேர்னலிஸ்ட்." அன்றைய இலங்கைச் சட்டமன்றமான அரசாங்க சபைக்கு அவரை ஹட்டன் அனுப்பிய ஆண்டு அது. "சீ. வீ. வேலுப்பிள்ளை, ஹூஸ் போயம்ஸ் ஆர் அபவுட் எஸ்டேட் லைஃப், வென்ட் டு பார்லிமென்ட் இன் 1947." ஹூ, ஹூம், ஹூஸ் மூன்றும் இங்கே வந்துவிட்டன. ஒன்றிலும் தட் போட முடியாது. காற்புள்ளி ஒன்றைப் போட்டு மற்றதை மறப்பதுதான் இந்த வகையில் அதிகம் காணும் பிழை.

காற்புள்ளி பொருளையும் மாற்றும். "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் கொலம்போ" என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், வேறு சகோதரர்களும் இருக்கிறார்கள், அதில் கொழும்பில் இருப்பவர் என்று பொருள். காற்புள்ளி போட்டால் ஒரே சகோதரர். நேர்முகத்தில் குடும்ப விவரம் எழுதச் சொன்னால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆளுக்குத் தட் போட்டால் மரியாதைக் குறைவு என்று சிவப்புப் பேனையால் வெட்டுகிற ஆசிரியர்களும் உண்டு. இலக்கணத்தில் அப்படித் தடை இல்லை. ஆனாலும் திருத்துகிறவர் யாரென்று தெரியாத பரீட்சைத் தாளில் ஹூ போட்டுவிட்டால் யாரும் வெட்டமாட்டார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுதான்.

9. எப்போது விட்டுவிடலாம்?

ஹூம் வர வேண்டிய இடத்தில், காற்புள்ளி இல்லாவிட்டால், ஒன்றுமே போடாமல் விடலாம். "தி டொக்டர் ஐ மெட் இன் ஹட்டன்." ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறார்கள். நமக்கும் ‘நான் பார்த்த டொக்டர்’ போல வாயில் வரும்.

ஹூ வர வேண்டிய இடத்தில் விட முடியாது. இரண்டாவது படியில் பார்த்த "டீச்சர் டோட் மீ" பிழை அதுதான். ஹூஸையும் எந்த இடத்திலும் விட முடியாது.

ஒரு விதிவிலக்கு நமக்கு வசதியானது. ஹூவுக்குப் பிறகு இஸ், ஆர், வோஸ் வந்து, அதற்குப் பின்னால் இங் என்று முடியும் வினை இருந்தால் ஹூவையும் இஸ்ஸையும் சேர்த்தே எடுத்துவிடலாம். "தி வுமன் ஹூ இஸ் பிளக்கிங் டீ" என்பது "தி வுமன் பிளக்கிங் டீ" ஆகும். ஹூவை மட்டும் எடுத்து இஸ்ஸை விட்டுவைத்தால் பழையபடி இரண்டு வினை ஒட்டிக்கொள்ளும்.

10. வினையை ஒருமுறை சரிபாருங்கள்

ஹூவுக்கு ஒருமை, பன்மை என்று தனி வடிவம் இல்லை. முன்னால் இருக்கிற ஆளைப் பார்த்தே வினை மாறும். "தி கேர்ள் ஹூ வேர்க்ஸ்", "தி கேர்ள்ஸ் ஹூ வேர்க்." ஹூ வந்தாலே எஸ் சேர்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு.

"ஒன் ஒஃப் தி" வரும்போது கவனம். "ஷீ இஸ் ஒன் ஒஃப் தி டீச்சர்ஸ் ஹூ கம் ஃப்ரொம் ஹட்டன்." ஹட்டனிலிருந்து வருகிறவர்கள் பலர், அதில் இவர் ஒருவர், ஆகவே கம். "தி ஒன்லி ஒன் ஒஃப் தி டீச்சர்ஸ்" என்றால் வருவது இவர் மட்டும், ஆகவே கம்ஸ்.

11. எங்கே ஹூம் எழுதுவது, எங்கே ஹூ போதும்

இன்றைய பேச்சில் ஹூம் குறைந்துவிட்டது. "தி டொக்டர் ஹூ ஐ மெட்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஹோட்டல் வேலை நேர்முகத்தில் ஒவ்வொரு ஹூமையும் யோசித்து நிறுத்தி நிறுத்திப் பேசுவதைவிட இணைப்புச் சொல்லையே விட்டுவிட்டுச் சரளமாகப் பேசுவது நல்லது. பரீட்சைத் தாளிலும் விண்ணப்பத்திலும் ஹூம் எழுதுங்கள். டு, வித், ஃப்ரொம் முன்னால் வந்தால் எந்த இடத்திலும் ஹூம்தான்.

சந்தேகம் தீராத இடத்தில் வாக்கியத்தைத் திருப்பி எழுதிவிடுங்கள். "தி டொக்டர் ஹூம் ஐ மெட்" என்பதில் தயக்கம் என்றால் "தி டொக்டர் ஐ மெட்" எழுதலாம். சுற்றிப் போவது தப்பில்லை.

12. ஒரு விண்ணப்பப் பந்தியைத் திருத்திப் பார்ப்போம்

ஹோட்டல் வேலைக்கு எழுதுகிற ஒரு பிள்ளையின் அறிமுகப் பந்தியில் வழக்கமாக வருகிற நான்கு வாக்கியங்கள் இவை. விடையைப் பார்க்குமுன் நீங்களே திருத்துங்கள்.

"ஐ ஆம் எ கேர்ள் ஸ்டடீட் இன் ஹட்டன்." படித்தது அந்தப் பிள்ளை, ஹீ இடம், விட முடியாது. "ஐ ஆம் எ கேர்ள் ஹூ ஸ்டடீட் இன் ஹட்டன்." இலக்கணம் சரியாகிவிட்டது, ஆனால் "ஐ ஸ்டடீட் இன் ஹட்டன்" என்றாலே போதுமே. இணைப்புச் சொல் படித்துவிட்டோம் என்பதற்காக எல்லா வாக்கியத்திலும் திணிக்க வேண்டியதில்லை.

"மை மதர், தட் வேர்க்ஸ் இன் எ டீ எஸ்டேட், கேன் ஸ்பீக் த்ரீ லாங்குவேஜஸ்." அம்மா ஒருவர்தான், காற்புள்ளி சரி, ஆகவே தட் கூடாது. "மை மதர், ஹூ வேர்க்ஸ் இன் எ டீ எஸ்டேட், கேன் ஸ்பீக் த்ரீ லாங்குவேஜஸ்."

"ஐ ஹேவ் அன் அங்கிள் ஹூ ஹிஸ் ஷொப் இஸ் இன் நுவரெலியா." ஹூவும் ஹிஸ்ஸும் சேர்ந்து நிற்கின்றன. "ஐ ஹேவ் அன் அங்கிள் ஹூஸ் ஷொப் இஸ் இன் நுவரெலியா."

"தி டீச்சர் ஹூ ஐ லேர்ன்ட் இங்கிலிஷ் ஃப்ரொம் ஹெர் வில் கிவ் மீ எ லெட்டர்." இதில் இரண்டு வேலை இருக்கிறது. உடைத்தால் "ஐ லேர்ன்ட் இங்கிலிஷ் ஃப்ரொம் ஹிம்." ஹெர் வெட்டப்பட வேண்டும், ஃப்ரொம் இருக்க வேண்டும். விண்ணப்பம் என்பதால் அதை முன்னால் கொண்டுவருவோம்: "தி டீச்சர் ஃப்ரொம் ஹூம் ஐ லேர்ன்ட் இங்கிலிஷ் வில் கிவ் மீ எ லெட்டர்." நேர்முகத்தில் இதையே வாயால் சொல்வதென்றால் "தி டீச்சர் ஐ லேர்ன்ட் இங்கிலிஷ் ஃப்ரொம்" என்று தொடங்கினால் நாக்குச் சுளுக்காது.